இருட்டைத் திருத்த வேண்டாம்

பழைய வீடியோ கேம் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: 'நல்ல கேம்தான், ஆனா வயசாயிடுச்சு.' சொல்கிறவர் பெரும்பாலும் அதை இருபது நிமிடம் ஆடியிருப்பார். முதல் காவலாளியிடமே மாட்டியிருப்பார். திரும்பவும் மாட்டியிருப்பார். மூன்றாவது முறை கடுப்பாகி மூடிவிட்டு, இதற்கு ரீமேக் எப்போது வரும் என்று விசாரிக்கப் போயிருப்பார். மாட்டிக்கொண்டது இவர், வயசானது மட்டும் ஆட்டத்துக்கு. நல்ல நியாயம்தான்!

இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அதிலும் ஸ்டெல்த் என்ற வகை ஆட்டங்களைப் பற்றி இப்படிச் சொல்லும்போது கோபமே வருகிறது. ஸ்டெல்த் என்றால் பதுங்கி ஆடுவது. சுடுவதைவிட ஒளிவது முக்கியம். எதிரியைக் கொல்வதைவிட அவன் கண்ணில் படாமல் கடந்து போவதில்தான் பெருமை. இரண்டு வருடமாக இந்த வகையின் பழைய ஆட்டங்களை, கூடவே அந்தக் காலத்து ஆக்‌ஷன் ஆட்டங்களையும், வெளியான வரிசையில் ஒவ்வொன்றாக ஆடி வருகிறேன். ஆட ஆட ஒன்று உறுதிப்படுகிறது. பிற்காலம் 'குறை' என்று பெயரிட்டுத் திருத்தியவற்றில் பாதி, குறையே அல்ல. ஆட்டம் நம்மிடம் கேட்ட உழைப்பு அது. அந்த உழைப்பை எடுத்துவிட்டால் பெட்டியும் படமும் பெயரும் மிஞ்சும், ஆட்டம் மிஞ்சாது.

கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு 'காசில் வுல்ஃபென்ஸ்டைன்' வந்தது. நாஜிக் கோட்டையில் கைதியாக இருக்கும் நீங்கள் ரகசியத் திட்டத்தைத் திருடிக்கொண்டு தப்பி வெளியேற வேண்டும். தோட்டா கொஞ்சம்தான். எதிரியின் சீருடையைப் போட்டுக்கொண்டு அவன் முன்னாலேயே நடந்து போகலாம். 1987இல் ஜப்பானில் ஹிடேயோ கோஜிமா 'மெட்டல் கியர்' செய்தார். அது ஓடிய எம்.எஸ்.எக்ஸ். 2 கணினியால் திரையில் நிறைய எதிரிகளையும் தோட்டாக்களையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. போர் விளையாட்டு செய்யச் சொன்னார்கள், இயந்திரமோ போரைத் தாங்காது. சரி, சண்டை போடாமல் தப்பிப்பதையே விளையாட்டாக்கலாம் என்று முடிவெடுத்தார். இயலாமையிலிருந்து ஒரு வகைமையே பிறந்தது. அடுத்த பதினோரு வருடத்தில் அது முழு வளர்ச்சி பெற்றது. 1998 என்ற ஒரே ஆண்டில் 'டென்சு', 'மெட்டல் கியர் சாலிட்', மாட்ரிட் நகரத்து நிறுவனம் ஒன்று செய்த 'கமாண்டோஸ்', அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் செய்த 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்' எல்லாம் வந்தன.

நான் இங்கே வழக்காடப்போவது முக்கியமாகத் தீஃபுக்காக. காரணம், அதிகமாகத் திருத்தப்பட்டது அதுதான்.

தீஃபில் நீங்கள் காரெட் என்ற திருடன். கையில் வாள் இருக்கிறது, ஆனால் இரண்டு காவலாளிகள் சேர்ந்து வந்தால் கதை முடிந்தது. திரையின் அடியில் ஒரு கல் மின்னும். நீங்கள் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். அது இருண்டால் நிம்மதி, ஒளிர்ந்தால் ஆபத்து. உங்களைப் பற்றி ஆட்டம் தரும் பெரிய தகவல் அது ஒன்றுதான். காவலாளி எங்கே இருக்கிறான் என்பதை நீங்கள்தான் காதால் கண்டுபிடிக்க வேண்டும். இரும்புத் தகட்டிலும் ஓட்டுத் தரையிலும் நடந்தால் காலடி ஊரைக் கூட்டும். கம்பளத்திலும் புல்லிலும் சத்தம் அமுங்கும். இதே விதி அவனுக்கும் உண்டு. அவன் கம்பளத்தை விட்டு ஓட்டுத் தரைக்கு வந்தால் உங்களுக்குக் கேட்கும். சீட்டியடிப்பான், இருமுவான், தனக்குத்தானே புலம்புவான். முதல் கட்டத்தில் பாஃபோர்ட் பிரபுவின் மாளிகைக்கு வெளியே இரண்டு காவலாளிகள் கரடிச் சண்டை பார்க்கப் போவதைப் பற்றிச் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதைச் சுவரோரம் நின்று கேட்பது கதைச் சுவைக்காக மட்டுமல்ல. பேச்சு நின்றால் யாராவது நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள்.

வரைபடம் உண்டு. யாரோ அவசரத்தில் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்ததுபோல, பாதி இடம் காலியாக இருக்கும். போக வேண்டிய இடத்துக்கு அம்புக்குறி கிடையாது. செங்கோல் இருக்கும் அறைக்குப் போகும் வழியை வீட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டுதான் ஊகிக்க வேண்டும். சமையலறை கீழே இருந்தால் வேலைக்காரர்களின் படிக்கட்டு பக்கத்தில் இருக்கும், பிரபுவின் அறை மேலே இருக்கும் என்ற மாதிரி. விளக்கு அணைக்க நீர் அம்பு, ஓசையை அமுக்கப் பாசி அம்பு, ஏறுவதற்குக் கயிற்று அம்பு. கயிற்று அம்பு மரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் குத்தி நிற்கும். செய்தவர்கள் நினைத்தே பார்க்காத உத்தரத்தில் கூட நீங்கள் தொங்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், 'எக்ஸ்பர்ட்' என்ற கடினநிலை. மற்ற ஆட்டங்களில் கடினநிலை ஏறினால் எதிரிக்கு உயிர் கூடும், உங்களுக்குக் குறையும். தீஃபில் ஒரு கட்டளை கூடும்: எந்த மனிதனையும் கொல்லக்கூடாது. கடினம் என்பதை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் ஒழுக்கமாக எடுத்துக்கொண்ட ஆட்டம் அது. ஒரு கொலைகூடச் செய்யாமல், ஒருவருக்கும் தெரியாமல், ஒரு மாளிகையைக் காலி செய்துவிட்டு வெளியேறும்போது வருகிற உணர்வை வேறெந்த ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை.

இப்போது திருத்தத்துக்கு வருவோம். 2014இல் வேறொரு ஸ்டூடியோ அதே 'தீஃப்' என்ற பெயரில் ஒரு மறுவருகையைச் செய்தது. அதில் 'ஃபோகஸ்' என்றொரு சக்தி. அழுத்தினால் திருட வேண்டிய பொருளும் தொட வேண்டிய கைப்பிடியும் நீலமாக மினுங்கும். கயிற்று அம்பை அவர்கள் குறித்து வைத்த உத்தரத்தில் மட்டும்தான் எய்யலாம். விரும்பிய இடத்தில் குதிக்கக்கூட முடியாது. படம் அழகாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் திருடனை அழைத்து வந்து கையைப் பிடித்து அருங்காட்சியகம் சுற்றிக் காட்டினார்கள்.

இது ஒரு ஆட்டத்தின் விபத்து என்றால் விட்டுவிடலாம். அப்படியில்லை. 2009இல் 'பேட்மேன்: ஆர்கம் அசைலம்' வந்தது. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுவருக்குப் பின்னாலிருக்கும் எதிரிகள் எலும்புக்கூடாகத் தெரிவார்கள், துப்பாக்கி வைத்திருப்பவன் தனி நிறத்தில். பேட்மேனுக்கு அது பொருந்தியது, அவர் வேட்டைக்காரர். ஆனால் அதற்குப் பிறகு எல்லோருக்கும் எக்ஸ்ரே கண் முளைத்துவிட்டது. 2012இல் 'ஹிட்மேன்: அப்சல்யூஷன்' காவலாளி அடுத்து நடக்கப்போகும் பாதையையே தரையில் தீக்கோடாகக் காட்டியது. அதே ஆண்டு வந்த 'டிஸ்ஹானர்ட்' நான் மதிக்கும் ஆட்டம். அதிலும் சுவரைத் துளைக்கும் பார்வை உண்டு.

'வேணாம்னா ஆஃப் பண்ணிட்டு ஆடுங்க, யாரு தடுத்தா?' என்பார்கள். நியாயமான கேள்விபோலத் தெரியும். அணைத்துப் பாருங்கள். சுவர் தெரியும், காவலாளி தெரியமாட்டான், அவன் காலடியும் கேட்காது. ஏனென்றால் கேட்க வேண்டிய தேவை வரும் என்று எண்ணி அந்த ஆட்டத்தில் ஓசை அமைக்கப்படவில்லை. தீஃபில் ஓசை எந்த அறையிலிருந்து எந்த வாசல் வழியாக எந்த அறைக்குப் போகும் என்றே தனியாகக் கணக்கிட்டு அமைத்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறவரிடம் கண்ணாடியைக் கழற்றச் சொல்வது வேறு, புத்தகத்தையே அச்சடிக்காமல் விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொள் என்பது வேறு.

மறுதரப்புக்கு வலுவான வாதங்களும் உண்டு. அவற்றைத் தவிர்த்துவிட்டு ஓடுவது நேர்மையல்ல.

முதல் வாதம்: பழையதில் உண்மையான குறைகள் இல்லையா? இருக்கின்றன, நிறைய. நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம், 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' 2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்தது. அதற்கு முன் அவர்கள் போர் விமான ஆட்டம் ஒன்று செய்திருந்தார்கள். அந்த மென்பொருளின் மேல்தான் இதைக் கட்டினார்கள். அதனால்தான் அந்தப் பனி மலைகளும் பரந்த வெளியும். விமானத்துக்குச் செய்த வானத்தில் ஒரு ஆளை நடக்க விட்டார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு ஜோன்ஸ் என்ற பெயர் ஒரு நண்பனின் பெயர். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடலாம்: நாங்கள் ஆடியதெல்லாம் பெரும்பாலும் திருட்டு சி.டி.யில்தான்.

ஐ.ஜி.ஐ.யில் மிஷனுக்கு நடுவில் சேவ் கிடையாது. பதினான்கு மிஷன். செத்தால் அந்த மிஷனின் முதலிலிருந்து. எங்கள் ஊர் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். ஐம்பது நிமிடம் பதுங்கிப் பதுங்கி முக்கால்வாசி தூரம் வந்திருப்போம், 'தம்பி, டைம் முடிஞ்சிருச்சு' என்று கல்லாவிலிருந்து குரல் வரும். 'அண்ணா, அஞ்சே நிமிஷம்ணா' என்று கெஞ்சுவோம். அந்த ஐந்து நிமிடத்தில் அவசரப்பட்டுச் சாவோம். ஆனால் அடுத்த நாள் போய் உட்காரும்போது, கேமரா எந்தப் பக்கம் திரும்பும், கோபுரத்தில் யார் நிற்பான், அலாரப் பெட்டி எந்தச் சுவரில் என்பதெல்லாம் பாடமாகியிருக்கும். சேவ் இல்லாததால்தான் அந்த முகாமை மனதில் வரைந்துகொண்டோம். அது ஆட்டம் கேட்ட உழைப்பு.

அதே ஐ.ஜி.ஐ.யில் அலாரம் அடித்தால் குடியிருப்பிலிருந்து காவலாளிகள் வந்துகொண்டே இருப்பார்கள். சற்று முன் ஒருவன்கூட இல்லாத அறையிலிருந்து பத்துப் பேர் வருவார்கள். நீங்கள் எண்ணிக் கழித்த கணக்கெல்லாம் வீண். இது உழைப்பல்ல, மோசடி. ஆட்டம் தன் விதியைத் தானே மீறுகிறது. இதைத் திருத்தினால் நான் கை தட்டுவேன்.

ஆக, என் அளவுகோல் இதுதான். ஆட்டக்காரரின் கவனத்துக்குப் பலன் தருகிற கடினத்தைத் தொடாதீர்கள். கவனித்தவரையும் கவனிக்காதவரையும் ஒன்றுபோலத் தண்டிக்கிற கடினத்தைத் தாராளமாக நீக்குங்கள். 'பழசு எல்லாமே பொக்கிஷம்' என்கிற ஆள் நான் இல்லை. ஆனால் திருத்த வருகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கிறார்கள்: வயசாயிடுச்சு.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. எல்லோருக்கும் காது கேட்பதில்லை, எல்லோருக்கும் இருட்டில் கண் தெரிவதில்லை, எல்லோர் விரலும் வேகமாக ஓடுவதில்லை. இவர்களுக்கு உதவி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் இதற்கென்றே அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருந்தன. பார்வையற்றவர்கள் அதை ஓசை வழியாகவே ஆடி முடித்தார்கள். பதுங்கிப் போகும் பகுதிகள் நிறைந்த ஆட்டம் அது. இந்த உதவிகளால் மற்றவர்களின் ஆட்டத்தில் ஒரு துளி குறையவில்லை, ஏனென்றால் ஆட்டத்தை முழுதாகச் செய்துவிட்டு உதவியைப் பக்கத்தில் வைத்தார்கள்.

நமக்கு இது புரியாத விஷயமா என்ன? சீவக சிந்தாமணி இன்றைய வாசகருக்குக் கடினம்தான். 1887இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோதும் கடினம்தான். அவர் என்ன செய்தார்? நச்சினார்க்கினியர் உரையோடு சேர்த்துப் பதிப்பித்தார். மூலம் மூலமாகவே இருந்தது, உரை கீழே துணையாக நின்றது. உரை வந்துவிட்டது, இனி மூலம் எதற்கு என்று ஏட்டைக் கிழித்துப் போடவில்லை. ஆட்டங்களுக்கும் உரை எழுதுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். மூலத்தின் மேல் எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

மூலத்தின் மேல் எழுதுவது வெறும் உவமை இல்லை, நடந்திருக்கிறது. 2021இல் ராக்ஸ்டார் தன் மூன்று பழைய 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஆட்டங்களைப் புதுப்பித்து வெளியிட்டது. புதியது வருவதற்கு முன்பே பழைய மூன்றையும் இணையக் கடைகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். புதியது பிழைகளோடு வந்தது. 'சான் ஆண்ட்ரியாஸ்' ஆட்டத்தில் தொலைவை மறைத்த மூடுபனியையும் எடுத்திருந்தார்கள். பனி போனதும் மூன்று நகரங்களும் ஒரே பார்வையில் தெரிந்தன. பெரிய மாநிலம் என்று நாம் நம்பியது கைக்குட்டை அளவு நிலம் என்று அம்பலமானது. பனியை இயந்திரத்தின் பலவீனம் என்று நினைத்தார்கள். அதுதான் தூரத்தைத் தந்துகொண்டிருந்தது. கூச்சல் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளைத் திரும்பக் கொடுத்தார்கள்.

கூச்சல் போட ஆள் இருந்ததால் அது திரும்பி வந்தது. ஆளில்லாத ஆட்டங்களின் கதி? 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை. விற்கவும் மாட்டார்கள், நூலகம் தரவும் விடமாட்டார்கள். இத்தகைய ஆட்டங்களை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமலே அணுக அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அதே ஆண்டு மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் 'தி க்ரூ' என்ற கார் ஆட்டத்தின் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஆட முடியாது. ஐரோப்பாவில் இதற்கு எதிராகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள்.

இந்தச் சூழலில்தான் 'வயசாயிடுச்சு' என்ற சொல் எனக்குப் பொறுக்காமல் போகிறது. அது ரசனைச் சொல்போல நடமாடுகிறது. ஆனால் பழையதை அலமாரியிலிருந்து எடுப்பதற்கு நிறுவனத்துக்கு வேண்டிய சாக்கை இலவசமாக எழுதிக் கொடுக்கிறது. பழையதை யாரும் கேட்கவில்லை என்று அவர்கள் சொல்வதற்கு நம் விமர்சகர்களே சாட்சி.

தீஃப் எப்படிப் பிழைத்தது என்று பாருங்கள். இரண்டாம் பாகம் வந்த இரண்டே மாதத்தில், 2000 மே மாதம், லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. பத்து வருடத்தில் புதிய கணினிகளில் அது ஒழுங்காக ஓடாத நிலை. 2012 செப்டம்பரில் ஒரு பிரெஞ்சு ரசிகர் தளத்தில், தன்னை 'லு கோர்போ' என்று அழைத்துக்கொண்ட யாரோ ஒருவர் ஒரு பேட்சை வைத்துவிட்டுப் போனார். பிரெஞ்சில் அதற்குக் காக்கை என்று பொருள், மொட்டைக் கடிதம் எழுதுகிறவர் என்றும் பொருள். அதைப் போட்டதும் ஆட்டம் இன்றைய கணினியில் ஓடியது. யார் அவர், இன்றுவரை வெளியே தெரியாது. திருடனைக் காப்பாற்றியவர் திருடனைப்போலவே வந்து போனார். அவர் நீல வெளிச்சம் சேர்க்கவில்லை, அம்புக்குறி சேர்க்கவில்லை. அகலத் திரையில் ஓட வைத்தார், பழுதுகளை நீக்கினார். இருட்டை இருட்டாகவே விட்டார்.

ரசிகர்கள் இந்த ஆட்டத்துக்குப் புதிய கட்டங்களைச் செய்துகொண்டே இருக்கிறார்கள், எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2023 டிசம்பரில், தீஃபின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கு, பத்து மிஷன் கொண்ட 'தி பிளாக் பரேடு' வந்தது. பல ஆண்டு உழைப்பு, விலை இலவசம். வயசாகிப்போன ஒன்றுக்கு யாராவது இப்படி உழைப்பார்களா? ஒரு வடிவத்துக்குள் சொல்ல இன்னும் ஏதோ மிச்சமிருக்கிறது என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது.

பெரிய நிறுவனங்களாலும் முடியும். 2025 ஆகஸ்டில் 'மெட்டல் கியர் சாலிட் 3' ரீமேக்காக வந்தது. மேலிருந்து பார்க்கும் பழைய கேமராவோடு ஆட விரும்புகிறவர்களுக்கு அந்த வழியையும் வைத்திருந்தார்கள். 2004இன் மூலமும் தொகுப்பாகக் கடையில் இருக்கிறது. இதைத்தான் கேட்கிறோம். புதியதைச் செய்யுங்கள், விற்றுச் சம்பாதியுங்கள், பழையதன் கழுத்தை நெரிக்காதீர்கள்.

இலக்கிய நண்பர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, 'வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு ஆவேசமா?' என்பார்கள். நாவல் வாசிப்பில் பொறுமை பற்றி, மெதுவாக வாசிப்பது பற்றி, வாசக இடைவெளி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆசிரியர் எல்லாவற்றையும் சொல்லிவிடக்கூடாது என்கிறோம். சொல்லாமல் விட்டதை வாசகர் நிரப்ப வேண்டும் என்கிறோம். இருட்டில் ஒரு காலடியைக் கேட்டு, அது எத்தனை அடி தொலைவு, எந்தத் தரை, வருகிறதா போகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிரப்புகிறவர் செய்வது அதே வேலைதான். அவருக்குச் சுவரைக் கண்ணாடியாக்கிக் கொடுப்பது, நாவலின் ஒவ்வொரு பத்திக்கும் கீழே பொருள் எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

ஆகவே தீர்ப்பு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீஃபின் கோல்டு பதிப்பு இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்குங்கள். காக்கையின் பேட்சைப் போடுங்கள். அறை விளக்கை அணைத்து, ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். எக்ஸ்பர்ட் நிலையைத் தேர்ந்தெடுங்கள். யூடியூபில் வழி பார்க்காதீர்கள். மாட்டிக்கொண்டால் ஆட்டத்தைத் திட்டுவதற்கு முன், எந்தத் தரையில் நின்றீர்கள் என்று குனிந்து பாருங்கள். பாஃபோர்ட் மாளிகையை மட்டுமாவது, ஒருவரையும் கொல்லாமல், முடியுங்கள். அதன் பிறகும் வயசாயிடுச்சு என்றுதான் தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.